என்னிடம் இல்லாத அலைவரிசை

தமிழிலேயே பேசலாம் என்று நீங்கள் சொன்னது வசதியாகப் போயிற்று. ஆங்கிலம் எனக்கு வராமல் இல்லை. பல வருடமாக அதில்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் ஆங்கிலத்தில் பேசினால் எதையும் சுருக்கிவிடுவேன், இது சுருக்கினால் தப்பாகத் தெரிகிற விஷயம். ஃபோனில் இருக்கிற மொழிபெயர்ப்பாளர் அம்மாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள். 'டாக்குரூப்' என்று நான் சொல்லும்போது அதை அப்படியே விட்டுவிடுங்கள். கூட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள் என்று மாற்றிவிட வேண்டாம்.

நீங்கள் கேட்டது இன்று காலை நடந்ததைப் பற்றி. அது புரிய வேண்டுமென்றால் ட்ரங்க் ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் போலீஸ்காரர், இடுப்பில் தினமும் அதைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஆனாலும் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரிவதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன்.

மில்பிடாஸில் ஏதாவது ஒரு இட்லி தோசை ஹோட்டலுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பாருங்கள். வாசலில் ஒரு பையன் நிற்பான். டேபிள் கொஞ்சம், குடும்பங்கள் ஏராளம். எந்த டேபிள் காலியாகிறதோ அதைக் காட்டி, இந்தக் குடும்பம் அங்கே போங்கள் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அடுத்த வாரம் அதே குடும்பத்துக்கு வேறு டேபிள். பழைய காலத்து ரேடியோவில் போலீஸுக்கு ஒரு அலைவரிசை, தீயணைப்புக்கு ஒன்று, குப்பை வண்டிக்கு ஒன்று என்று ஆளுக்கொரு டேபிள் நிரந்தரமாக இருந்தது. இப்போது எல்லோருக்கும் பொதுவாகச் சில டேபிள்கள்தான். ஒரு டேபிள் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றால் ஒரு குடும்பத்தின் பேச்சு பாதி கேட்கும், அப்புறம் சம்பந்தமில்லாத இன்னொரு குடும்பம் வந்து உட்காரும். ஒரே குடும்பத்தைத் தொடர்ந்து கேட்க வேண்டுமென்றால் டேபிளைக் கவனிக்கக் கூடாது, வாசலில் நிற்கிற பையனைக் கவனிக்க வேண்டும். அவன்தான் கன்ட்ரோல் சேனல். குடும்பம்தான் டாக்குரூப். இந்தப் பேச்சையெல்லாம் வீட்டிலிருந்தே கேட்க ஸ்கேனர் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இது புரியாமல் டேபிள்களை மட்டும் பதிந்து வைத்துவிட்டு, ஒரே இரைச்சல் என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் வாங்கிய அன்று சாயங்காலமே சரியாகப் பதிந்துவிட்டேன்.

என் தொழில் அப்படி. மில்பிடாஸில் நெட்வொர்க் பெட்டிகள் செய்கிற ஒரு கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறேன். ஒரு பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சிக்னலை ஒரு பக்கம் அனுப்பி, அது மறுபக்கம் வந்து சேருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் நடுவில் பழுது. வீடு இங்கே பிளசன்டனில். குழந்தைகள் இல்லை. மனைவி தாமரைச்செல்வி ஒரு பல் டாக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு இந்த ரேடியோ பிடிக்காது, அதனால் கராஜில் மேசை போட்டு வைத்திருக்கிறேன்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவருகிற பாட்லக்கில் நான் பேச ஆரம்பித்தால் ஆண்கள் தட்டை எடுத்துக்கொண்டு இரண்டாவது தடவை பிரியாணி போட்டுக்கொள்ளப் போய்விடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. கவனித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் சுனோல் பக்கம் ஃப்ரீவேயில் லாரி கவிழ்ந்ததை ஸ்கேனரில் கேட்டு, எதிர்வீட்டு மதனுக்கு ஃபோன் செய்து அந்த வழியாகப் போகாதே என்றேன். அந்த வாரக் கடைசியில் மதன் எல்லோர் முன்னாலும் சொன்னான். "வெள்ளியண்ணன் மட்டும் சொல்லலைன்னா என் மீட்டிங் அன்னைக்கு காலி. இவர்கிட்ட இருக்கறது ரேடியோ இல்லப்பா, ஞானக்கண்ணு." எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஒரு வருடம் போலக் காலை நேரத்தில் எனக்கு ஃபோன் வரும். வெள்ளியங்கிரி, ரோடு எப்படி இருக்கு. வெள்ளி அங்கிள், பாலம் ஓகேவா. நான் சொல்வேன். பிறகு ட்ராஃபிக்கைக் கம்ப்யூட்டரிலேயே சிவப்பு பச்சையாகப் பார்க்க முடிந்தது, காருக்கு ஜிபிஎஸ் வந்தது. ஃபோன் வருவது நின்றது. இதுவும் இயல்புதான்.

மதனின் அப்பா அம்மா கோபியிலிருந்து வந்தது அதற்கப்புறம். அப்பா மயில்சாமி ஐயா கோபி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவர். வரும்போதே ஞாபகம் தடுமாறத் தொடங்கியிருந்தது. அம்மா சாந்தாமணி திடமானவர், எல்லாவற்றையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். மதனும் அவன் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால், மயில்சாமி ஐயாவை அம்மா கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டிக் கூட்டிவந்து என் கராஜில் உட்கார வைப்பார். நான் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்வேன். ஐயா ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்து கவனமாகக் கேட்பார். வண்டிகளை அனுப்புகிற டிஸ்பாட்சர் பெண் ஏதாவது சொன்னதும், "அந்தியூர் வண்டி இன்னும் எடுக்கலையா? டிரைவர் எங்க போய்ட்டான்?" என்பார். எனக்குத் தெரிந்தவர்களில் கடைசிவரை எழுந்து போகாமல் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவர்மேல் எனக்குக் கோபமோ வெறுப்போ ஒருபோதும் இருந்ததில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஏப்ரலில் அவர் ஒரு தடவை வீட்டை விட்டுப் போய்விட்டார். சாந்தாமணி அம்மா தெருவெல்லாம் ஓடினார். போலீஸ் அவரை ஒரு பஸ் ஸ்டாப்பில் கண்டுபிடித்ததை நான் ஸ்கேனரில் கேட்டேன். போலீஸ் ஃபோன் செய்வதற்கு முன்னாலேயே ரோட்டைத் தாண்டிப் போய், "கெடைச்சுட்டாருங்கம்மா, பஸ் ஸ்டாப்ல இருக்காரு, ஒண்ணும் ஆகலீங்க" என்றேன். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தில் ஒற்றிக்கொண்டார். "நீ நல்லா இருப்பே சாமி. எங்கூட்டுச் சாமியாட்டம் வந்து சொன்னே" என்றார். மதன் வந்து கட்டிப்பிடித்தான். அடுத்த பாட்லக்கில் என்னைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். மில்பிடாஸில் மளிகைக் கடை வைத்திருக்கிற நஜ்முதீன் பாய், கன்ட்ரோல் சேனல் என்றால் என்ன என்று கேட்டு முழுவதும் காது கொடுத்துக் கேட்டார். யாரும் தட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை.

அந்த அம்மா கையைப் பிடித்ததுதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். அது காரணம் இல்லை. ஜூன் மாதம் ஸ்கேனரில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, போலீஸ், தீயணைப்பு, நகரப் பூங்கா ஊழியர்கள், சாலைப் பராமரிப்பு என்று எல்லா டாக்குரூப்பையும் புதிதாகப் பதிந்திருந்தேன். பதிந்தால் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும். பிளசன்டனில் ஒன்றும் நடப்பதில்லை. நாய் குரைக்கிறது, யாரோ புல்வெளி ஸ்பிரிங்க்ளரைத் திறந்து விட்டுவிட்டார்கள், இவ்வளவுதான். இவ்வளவை வைத்துக்கொண்டு சிஸ்டம் சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

மயில்சாமி ஐயா தொலைந்த நாளைப் பற்றி நீங்கள் என்னிடம் இதுவரை எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவும் இல்லை என்று நினைக்கிறேன். நானாகச் சொல்கிறேன். முதல் சோதனையைச் சொல்லாமல் இரண்டாவதைச் சொன்னால் பாதிதான் விளங்கும்.

ஜூலையில் அந்த வெயில் அடித்த வாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை. தாமரை வேலைக்குப் போயிருந்தாள். எதிர்வீட்டில் சாந்தாமணி அம்மா எந்நேரம் குளிக்கப் போவார் என்று எனக்குத் தெரியும். பக்கவாட்டு கேட் வழியாகப் பின்னால் போனேன். கோடையில் பின்பக்கக் கண்ணாடிக் கதவு திறந்தே கிடக்கும். ஐயா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். "போலாமுங்களா ஐயா?" என்றேன். உடனே எழுந்துகொண்டார். எங்கே என்று கேட்கவில்லை. பின்பக்கம் படி இருக்கிறது, அவருக்கு முழங்கால் வலி. அதனால் முன்கதவைத் திறந்து கூட்டிப்போனேன். அவர் வெளியே போய்விடக் கூடாது என்று மதன் கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் வைத்திருந்தான். அதை விலக்கினேன். வெளியே வந்த பிறகு அதைத் திரும்பப் போட வழியில்லை, அது உள்பக்கம் இருக்கிறது.

காரில் கூட்டிப்போகிற இடத்தை நான் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். மேற்கே மலையடிவாரத்தில் ஒரு நடைபாதை தொடங்குகிற இடம். ஓக் மரம், அதன் கீழே பெஞ்ச், நல்ல நிழல். ஓட வருகிறவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். யாராவது பார்த்து 911 கூப்பிடுவார்கள், நகர ஊழியர்கள் வருவார்கள், அது என் ரேடியோவில் வரும். தண்ணீர் பாட்டில் கொடுத்தேன். என் தொப்பியையும் கொடுத்தேன். அலட்சியமாகச் செய்கிறவன் இதையெல்லாம் செய்வானா என்று யோசியுங்கள்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் ஐயா, "பஸ்ஸு எப்ப?" என்றார்.

"வருமுங்க" என்றேன்.

"லேட்டாகாதே?"

"ஆகாதுங்க."

இதை மட்டும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஸ்கேனரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சாந்தாமணி அம்மா ஈரத் தலையோடு ஓடிவந்தார். நானே 911 கூப்பிட்டுக் கொடுத்தேன். மதன் வேலையிலிருந்து வந்தான். அவன் வீட்டு ஹாலில் என் ஸ்கேனரைக் கொண்டுபோய் வைக்கச் சொன்னான். டைனிங் டேபிளில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு நடுவில் வைத்தார்கள். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். நஜ்முதீன் பாய் கடையை மூடிவிட்டு வண்டி நிறையத் தண்ணீர் பாட்டில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆண்கள் தெருக்களைப் பிரித்துக்கொண்டு தேடப் போனார்கள். போய்விட்டு வந்து எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள்.

போலீஸ் நன்றாகத்தான் தேடினார்கள். எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. லைப்ரரியில் பார்த்தாயிற்று, பஸ் ஸ்டாப்புகளில் பார்த்தாயிற்று, கடைத்தெருவில் பார்த்தாயிற்று. ஒவ்வொரு பேச்சும் எந்த டாக்குரூப்பில் வருகிறது என்று திரையில் ஓடியது. ஒன்றுகூடத் தவறவில்லை. நான் கையை உயர்த்தினால் அந்த ஹாலில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். கேட்டுவிட்டு நான் சொல்வேன், பிறகு மூச்சு விடுவார்கள். தாமரையும் வேலையிலிருந்து வந்து ஒரு மூலையில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "காலைல கார் எடுத்தீங்களா? கராஜ்ல திருப்பி நிக்குது."

"ஆமா" என்றேன். அதற்குள் யாரோ அவளைக் காபி போடக் கூப்பிட்டார்கள்.

நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. ஐயாவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று உங்கள் ஆபீஸர் கேட்டபோது காலையில் என்றேன். அது உண்மை. தொப்பி போட்டிருந்தாரா என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

மதியம் தாண்டியது. நான் எதிர்பார்த்தது வரவில்லை. நிழலில் ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று யாராவது இந்நேரம் கூப்பிட்டிருக்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து அன்றைக்கு ஒருவரும் ஓட வரவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தோன்றியது. நஜ்முதீன் பாய் முகமெல்லாம் சிவந்து உள்ளே வந்தார். ஒரு பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"வெள்ளி, நான் மலைப்பக்கம் ஒரு ரவுண்டு போய்ப் பாக்கட்டுமா? யாரும் அங்க போகலையே."

"ரேடியோல அந்தப் பக்கம் எதுவும் வரலைங்க பாய்" என்றேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரி, அப்ப நான் கிழக்கால போறேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

நான் சொன்னது உண்மை. ரேடியோவில் அந்தப் பக்கம் எதுவும் வரவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? உங்கள் ஆபீஸர் அந்த ஹாலிலேயே ரேடியோவோடு நின்றுகொண்டிருந்தார். அவர் ரேடியோவில் வராதது என் ரேடியோவில் மட்டும் எப்படி வரும்? நானே எழுந்து போய்க் கூட்டிவந்திருக்கலாம் என்றும் கேட்பீர்கள். நான் எழுந்துவிட்டால் ரேடியோவை யார் கேட்பது? சாந்தாமணி அம்மா என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது என் முழங்காலைத் தொட்டு, "என்னங் தம்பி சொல்றாங்க?" என்பார். "தேடிட்டு இருக்காங்கம்மா, கெடைச்சுருவாரு" என்பேன். இவ்வளவு பேர் நம்பி உட்கார்ந்திருக்கும்போது பாதியில் எழுந்து போவது முறையாகப் படவில்லை.

சாயங்காலம் உங்கள் ஆபீஸருக்கு ஒரு அழைப்பு வந்தது. செல்ஃபோனில். அவர் வாசலுக்கு வெளியே போய்ப் பேசினார். எல்லோரும் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள், ரேடியோ என்ன சொல்கிறது என்று. ரேடியோ ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தெருவில் ஸ்பிரிங்க்ளர் உடைந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸர் உள்ளே வந்து மதனைத் தனியாகக் கூப்பிட்டார். மதன் சுவரைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்துத்தான் எனக்கும் தெரிந்தது. எல்லோருக்கும் எப்படித் தெரிந்ததோ அப்படித்தான் எனக்கும்.

ஐயா பெஞ்சில் இல்லை. தொப்பியையும் காணோம், வழியில் எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். காலி பாட்டிலைக் கையில் பிடித்தபடி ரோட்டோரத்தில், நிழலே இல்லாத இடத்தில் கிடந்தாராம். பஸ் வரவில்லை என்று எழுந்திருப்பார். என் கார் போன திசையில் நடந்திருக்கிறார். அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்பது எனக்கே ஆச்சரியம்தான், முழங்கால் வலியோடு. அவரைப் பார்த்தது நகர ஊழியர்கள் இல்லை, வட்டாரப் பூங்காவைக் காவல் பார்க்கிற ரேஞ்சர்.

என்ன தப்பு நடந்தது என்பதை மறுநாளே கண்டுபிடித்துவிட்டேன். அந்த மலையடிவாரம் நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே பொறுப்பு ரேஞ்சர்களுக்கு. அவர்கள் நகரத்தின் சிஸ்டத்திலேயே இல்லை, தனியாக வேறு அலைவரிசையில் பேசிக்கொள்கிறார்கள். அந்தக் குடும்பம் இந்த ஹோட்டலுக்கே வருவதில்லை. நான் வாசலில் நிற்கிற பையனை எவ்வளவு கவனித்தாலும் பிரயோஜனம் இல்லை. அந்த அலைவரிசை மட்டும் என்னிடம் இருந்திருந்தால் ஐயா பிழைத்திருப்பார். இதை நினைத்து நான் பல நாள் வருத்தப்பட்டிருக்கிறேன். பதிகிறவன் எல்லையைப் பார்த்துப் பதிந்திருக்க வேண்டும். அந்தத் தவறு என்னுடையதுதான், அதை நான் மறுக்கவில்லை.

ஹேவர்டில் தகனம் செய்தார்கள். யாருக்கும் என்மேல் எந்தச் சந்தேகமும் வரவில்லை. மதன், "அண்ணா, அன்னைக்கு நீங்க எங்களோட உக்காந்திருந்ததை மறக்க மாட்டேன்" என்றான். சாந்தாமணி அம்மா மட்டும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "நாந்தான் தாப்பாளைப் போட மறந்துட்டேன். குளிக்கப் போற அவசரத்துல மறந்துட்டேன். நானே அவரைக் கொன்னுபோட்டேன்." சாப்பிடவில்லை. நான் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "மறதி யாருக்கும் வர்றதுதானுங்கம்மா, நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்று ஆறுதல் சொன்னேன். வேறு யார் சொன்னாலும் கேட்கமாட்டார், நான் சொன்னால் ஒரு வாய் சாப்பிடுவார். அந்த நாட்களில் அந்தக் குடும்பத்துக்கு என்னால் முடிந்ததைச் செய்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த அம்மா ஐயாவின் அஸ்தியைக் கொண்டுபோய் பவானி கூடுதுறையில் கரைத்துவிட்டு, பொங்கல் கழிந்து திரும்பி வந்தார். அதற்குள் நான் ரேஞ்சர்களின் அலைவரிசையையும் பதிந்து முடித்திருந்தேன். ஒரு பழுதைச் சரிசெய்தால் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுப்போம். அதே சோதனை, அதே இடம். மாற்றினால் பழுது போயிற்றா என்று தெரியாது.

சாந்தாமணி அம்மாவே வழி செய்தார். "தம்பி, அவரு கெடந்த எடத்தை ஒருக்கா கண்ணுல பாக்கோணுங். மதன் கூட்டிப் போக மாட்டேங்கறான், அழுவறான்" என்று நாலைந்து தடவை கேட்டிருந்தார். நான் அவசரப்படவில்லை. வெயில் இல்லாத மாதமாக வரட்டும் என்று காத்திருந்தேன். மார்ச் மாதம் மலையெல்லாம் பச்சை. இன்று காலை குளிர்கூட இருந்தது, அதனால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஃபிளாஸ்க்கில் காபி போட்டு எடுத்துக்கொண்டேன். ஜூலையில் செய்ததைவிட எல்லாவற்றையும் கவனமாகச் செய்தேன்.

அவரைக் காரில் கூட்டிப்போனேன். பெஞ்சைக் காட்டி, "இங்கதான் மொதல்ல உக்காந்திருந்தாருங்க" என்றேன். அவர் அதில் உட்கார்ந்து பலகையைக் கையால் தடவினார். இங்கே உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நானும் அதை அப்போது யோசிக்கவில்லை.

"கொஞ்சம் தள்ளிக் காரை நிறுத்திட்டு வந்துடறேனுங்கம்மா" என்றேன்.

"மெதுவா வா கண்ணு. எனக்கென்ன அவசரம்."

வீட்டுக்கு வந்து ஸ்கேனரைப் போட்டேன். ரொம்ப நேரம் ஆகவில்லை. ஒரு ரேஞ்சரின் குரல் வந்தது. நடைபாதை தொடங்குகிற இடத்தில் வயதான இந்தியப் பெண் ஒருவர், ஆங்கிலம் வராது, உடல்நிலை நன்றாக இருக்கிறது என்றார். வார்த்தைக்கு வார்த்தை தெளிவாகக் கேட்டது. ஒரு சின்ன இரைச்சல் இல்லை. மதனைக் கூப்பிடுவதற்காக ஃபோனைக் கையில் எடுத்தேன். அம்மா எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும், ரேடியோவில் வந்தது என்று சொல்ல வேண்டும். எல்லாம் திட்டப்படிதான் இருந்தது. ஒன்றை மட்டும் விட்டுவிட்டிருந்தேன். சாந்தாமணி அம்மாவுக்கு ஞாபகம் நன்றாக இருக்கிறது.

அவருக்கு நஜ்முதீன் பாய் கடை நம்பர் மனப்பாடமாம். அரிசி பருப்புக்கு அவர்தான் ஃபோன் செய்து சொல்வார். ரேஞ்சர் அந்த நம்பரைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்திருக்கிறார். பாய் மொழிபெயர்த்திருக்கிறார். அந்த அம்மா சொன்னது என்ன என்று நீங்கள்தான் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். வெள்ளி தம்பிதான் கூட்டிவந்தாருங்க, காரை நிறுத்திட்டு வர்றேன்னு போனவரு இன்னும் வரலீங்க, அவருக்கு என்னமோ ஆயிப்போச்சு, எங்கியாச்சும் மயங்கிக் கெடப்பாரு, தயவு பண்ணித் தேடுங்க, எங்கூட்டுக்காரராட்டம் உட்டுராதீங்க.

அவர் தன்னை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்று கேட்கவே இல்லை.

அதனால் மதனைக் கூப்பிடுவதற்கு முன்பே ரேடியோவில் அடுத்த பேச்சு வந்துவிட்டது. காணவில்லை, இந்தியர், நாற்பத்தைந்து வயதிருக்கும், கண்ணாடி போட்டவர், நீலச் சட்டை. என் பெயரை ஒரு ரேஞ்சர் எழுத்துக் கூட்டிச் சொன்னார். தப்பாகச் சொன்னார். இன்னொருவர் திருத்தினார். கீழே ஓடை பக்கம் ஒருவர் போவதாகச் சொன்னார், மேலே ஒருவர். பிறகு நகர டாக்குரூப்பிலும் வந்தது, உங்கள் ஆட்கள் பேசினார்கள், தீயணைப்பிலிருந்து ஒரு வண்டி புறப்பட்டது. இரண்டு சிஸ்டத்திலும் ஒரே நேரத்தில் என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஓடைக்கரையில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்துவதுகூட, அவர் ரேடியோ பட்டனை விடாததால் எனக்குக் கேட்டது.

நான் வீட்டிலிருந்தேன். ஃபோன் கையில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான் வீட்டில் ரேடியோ முன்னால்தான் இருப்பேன் என்று பாய் கணக்குப் போட்டு உங்களுக்குச் சொல்லி, நீங்கள் வந்து என் கதவைத் தட்டியது முதல் தடவையே எனக்குக் கேட்டது. திறக்கத் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். இன்னொரு தடவை என் பெயரைச் சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.